ஓட்டியவர் பெயர்

ஹெண்ணூர் மெயின் ரோட்டில், பஞ்சர் கடைக்குப் பின்னால்
தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது அந்த வெள்ளை ஸ்விஃப்ட்.
இடது முன்விளக்கு இல்லை.
பானெட்டில் ஒரு மடிப்பு
அவசரத்தில் மடித்துவைத்த போர்வை மாதிரி.

காப்பீட்டுக் கம்பெனி என்னை அனுப்புவது
சேதத்தைக் கணக்கெடுக்க.
பம்பர் இவ்வளவு, ரேடியேட்டர் இவ்வளவு,
பிளாஸ்டிக்குக்குப் பாதி, கண்ணாடிக்கு முழுசு.

ஓட்டியவர் பெயர்: அருளப்பா.
வயது ஐம்பத்திரண்டு.
ஆறடி ஆள். போதாததற்குத் தொப்பை.
"நாய் குறுக்க வந்திருச்சு மேடம்" என்கிறார்.
இருபது வருஷமாக எல்லோரும் என்னிடம்
அந்த நாயைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.
கம்மனஹள்ளியிலும் அதுதான், கெங்கேரியிலும் அதுதான்.
ஒரு தடவைகூட அதற்கு அடிபட்டதில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கிறேன்.
இருக்கை முன்னால் இழுத்தபடியே இருக்கிறது,
ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் தூரத்தில்.
உள்கண்ணாடி தாழ்ந்து பார்க்கிறது,
ஐந்தடி நாலங்குல உயரத்தில் இரண்டு கண்களைத் தேடி.
அருளப்பா இதில் உட்கார்ந்திருந்தால்
முழங்காலைக் கழற்றி டிக்கியில் வைத்திருக்க வேண்டும்.

நான் ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்து அளக்கிறேன்.
நான் அளப்பதை அவரும் பார்க்கிறார்.

பழைய டயர்களின் ஓரம் அவர் பையன், ஜெரோம்,
செகண்ட் பி.யூ.
சட்டைக் காலருக்குக் கீழே, வலது தோளில்,
பெல்ட் இழுத்த நீலத் தடம்.
பக்கத்து இருக்கையில் இருந்தவனுக்கு
இடது தோளில் அல்லவா விழும்?

பதினெட்டுக்கு இன்னும் நாற்பத்தோரு நாள்.
நாற்பத்தோராம் நாள் விடிகாலை
தலைக்குள் எந்தத் திருகு இறுகுமோ, தெரியாது.
போன மாசம் ஒருவர்,
தன்னை முந்திய ஆட்டோவை அவுட்டர் ரிங் ரோட்டில்
மூன்று கிலோமீட்டர் துரத்திப்போய் இடித்தார்.
வயது நாற்பத்தேழு. பின்சீட்டில் அவருடைய மகள்கள்.
அதற்காகப் பையன்களை நம்பிவிட முடியுமா?
ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போன கோப்பு ஒன்றும்
என் அலமாரியில் இருக்கிறது.
அதை நான் இரண்டாம் முறை திறக்கவில்லை.

"ஆன்ட்டி, நாய் எதுவும் இல்ல."

"டேய், நீ போ அந்தாண்ட."

"நான்தான் ஓட்டினேன்.
ரைட்ல பாத்தேன். லெஃப்ட்ல பாக்கல.
அந்த டெலிவரி அண்ணா பவ்ரிங்ல இருக்கார்,
கணுக்கால்ல ரெண்டு போல்ட்டு.
தினம் சாயங்காலம் போறேன்.
நான்தான்னு அவருக்குத் தெரியும்."

அண்ணாவுக்கு என்ன வயது என்று கேட்டேன்.
பத்தொன்பது.

காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொண்டது.
பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி வருகிறதா என்று பார்ப்பதுபோல
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பையன் பெயரை எழுதினால் பைசா பெயராது.
தகப்பன் மேல் வழக்கு வரும்.
அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது,
உதட்டைக் கடித்தபடி நின்ற விதத்தில்.

அருளப்பா வாதாடவில்லை.
காரின் பக்கமாகப் போய்க் குனிந்து
அடியிலிருக்கும் கம்பியைத் தூக்கினார்.
டக், டக், டக், டக்.
நாலு பல் பின்னுக்கு நகர்ந்தது இருக்கை.
உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தார்.
எங்கேயும் போகாத காரில்
ரொம்ப நேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பழைய பெயரை அடித்துவிட்டு எழுதினேன்.
கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

திரும்ப வந்து என் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதுதான்
ஞாபகம் வந்தது:
காலையில் இதன் கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது.
பெட்ரோல் முள்ளும் ஒரு கோடு இறங்கியிருந்தது.
வீட்டில் பதினைந்து வயதில் ஒருத்தி
தலைவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணாடியை என் உயரத்துக்கு நிமிர்த்திக்கொண்டேன்.
ராத்திரி நல்ல காற்று, என்று
யாரும் கேட்காமலேயே
சொல்லிக்கொண்டேன்.